டிமாக்கிலிருந்து கிளம்பிய வாயு

அமெரிக்காவின் மார்செல்லஸ் பாறையிலிருந்து வரும் வாயுவுக்கு வாசனை கிடையாது. நம் வீட்டில் சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிற நாற்றம் எரிவாயுவுடையது அல்ல. கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்க்கிற மெர்காப்டன் என்ற வேதிப்பொருளின் நாற்றம் அது. 1937இல் டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில் வாசனையில்லாத வாயு யாருக்கும் தெரியாமல் கசிந்து, தேங்கி, வெடித்தது. ஏறக்குறைய முந்நூறு பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் வாயுவுக்கு நாற்றம் ஏற்றுவது அங்கே கட்டாயமானது. அந்த வேலையும் பெரும்பாலும் ஊருக்குள் விநியோகிக்கப் போகும் இடத்தில்தான் நடக்கும். பூமியிலிருந்து வரும்போது அது மணமற்றது, நிறமற்றது.

பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில் சஸ்குவஹானா என்றொரு மாவட்டம். மக்கள் தொகை ஏறக்குறைய நாற்பதாயிரம். பால்மாடு வளர்ப்பவர்களும் புளூஸ்டோன் என்ற கட்டடக்கல் வெட்டுபவர்களும் நிறைந்த பகுதி. அங்கே கிடைக்கும் வாயு ஏறக்குறைய முழுக்க மீத்தேன்தான். மேற்குப் பென்சில்வேனியாவில் வருவதுபோல ஈத்தேன், புரோப்பேன் என்று தனித்தனியாகப் பிரிக்கிற வேலை இல்லை. ஈரத்தை நீக்கினால் குழாயில் ஏற்றிவிடலாம். ஒரு நடுத்தர நிறுவனம் இந்த ஒரே மாவட்டத்தை நம்பிப் பத்தாண்டுகளில் பெரிய நிறுவனமானதற்கு இந்தச் சுத்தம் ஒரு காரணம். அந்த நிறுவனம் கேபட் ஆயில் அண்ட் கேஸ்.

பெயரில் உள்ள கேபட், பாஸ்டன் நகரத்துப் பணக்காரக் குடும்பம். காட்ஃப்ரே லோவெல் கேபட் 1882இல் தொழிலில் இறங்கியபோது மேற்குப் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறுகளோடு சேர்ந்து எரிவாயு சும்மா வந்துகொண்டிருந்தது. கொண்டுபோய் விற்கக் குழாய் இல்லை. அவர் அதைப் போதுமான காற்றில்லாமல் எரித்துக் கரி எடுத்தார். அச்சு மைக்கும் வண்ணப்பூச்சுக்கும் போன அந்தக் கரி, பிற்பாடு கார் டயருக்கும் போனது. வாயு வேண்டியதில்லை, அதன் புகைக்கரி போதும் என்று ஆரம்பித்த வியாபாரம் இது. மனிதர் 101 வயது வரை வாழ்ந்து 1962இல் இறந்தார். கரிமைத் தொழில் கேபட் கார்ப்பரேஷனாக நிலைத்தது. எண்ணெய், எரிவாயுப் பிரிவு 1990ஆம் ஆண்டையொட்டித் தனி நிறுவனமாகப் பிரிந்து ஹூஸ்டனில் தலைமையகம் வைத்துக்கொண்டது.

குழாய் இல்லாத இடத்தில் வாயுவுக்கு விலையில்லை. கேபட்டின் கதையில் இந்த ஒரு விஷயம் கடைசி வரை மாறவேயில்லை.

மார்செல்லஸ் என்பது பாறையின் பெயர். நியூயார்க் மாநிலத்தில் அந்தப் பெயருள்ள ஊரருகே தரைமட்டத்தில் தெரிகிற கறுப்பு ஷேல் பாறைக்கு 1839இல் ஜேம்ஸ் ஹால் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். சுமார் 39 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் அடியில் சேறும் உயிரினங்களின் மிச்சமும் படிந்து இறுகியது அது. அதற்குள் வாயு இருப்பது துளையிடுபவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். இன்னும் ஆழத்திலுள்ள அடுக்கைத் தேடிப் போகும்போது மார்செல்லஸைத் தாண்டினால் வாயு குபுகுபுவென்று கொஞ்ச நேரம் கிளம்பும், பிறகு அடங்கிவிடும். பாறையில் வாயு நகர வழியில்லை என்று விட்டுவிட்டார்கள்.

டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் பார்னெட் ஷேலில் தண்ணீரையும் மணலையும் அதிக அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசலாக்கும் ஃபிராக்கிங் முறையை 1990களின் கடைசியில் பக்குவப்படுத்தியது. அதே முறையை ரேஞ்ச் ரிசோர்சஸ் நிறுவனம் 2004இல் தென்மேற்குப் பென்சில்வேனியாவில் மார்செல்லஸ் மீது முயன்றது. வாயு வந்தது, நிற்கவில்லை. செய்தி வெளியே பரவுவதற்குள் நிலம் பிடிக்கிற ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

கேபட்டின் ஆட்கள் சஸ்குவஹானா மாவட்டத்தின் டிமாக் என்ற சிற்றூருக்கு வந்தது 2006இல். அமெரிக்காவில் நிலத்துக்காரர் அடியில் உள்ளதற்கும் சொந்தக்காரராக இருக்கலாம். நம் நாட்டில் அப்படியில்லை. வயல் நம்முடையதாக இருந்தாலும் அதன் கீழே உள்ள எண்ணெயும் வாயுவும் அரசுடையவை. அதனால் டிமாக்கில் நிறுவனம் அரசாங்கத்தின் கதவைத் தட்டவில்லை, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியது. ஏக்கருக்கு 25 டாலர் முன்பணம், வாயு கிடைத்தால் எட்டில் ஒரு பங்கு ராயல்டி. எட்டில் ஒன்று என்பது தாராளம் அல்ல, பென்சில்வேனியாவின் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குக் கீழே போக முடியாது. பாலுக்கு விலை கிடைக்காமல் திண்டாடிய விவசாயிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

2008 தொடக்கத்தில் டெர்ரி எங்கல்டர், கேரி லேஷ் என்ற இரு நிலவியலாளர்கள் மார்செல்லஸிலிருந்து 50 லட்சம் கோடி கன அடி வாயு எடுக்க முடியும் என்று கணக்குச் சொன்னார்கள். நில விலை ராக்கெட்டில் ஏறியது. இரண்டு வருடம் பொறுத்தவருக்கு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் டாலர். முதலில் கையெழுத்துப் போட்டவருக்கு அதே 25. ஒரே சாலையின் இரு பக்கங்களில் இந்த வித்தியாசத்தோடு குடியிருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தெரியாததில்லை, நாற்கர சாலைக்கு நிலம் எடுத்த ஊர்களில் பார்த்திருக்கிறோம். ராயல்டியிலும் இன்னொரு கொக்கி இருந்தது. வாயுவைச் சேகரித்து, உலர்த்தி, அழுத்திக் கொண்டுபோகும் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு எட்டில் ஒன்று கொடுத்தால் போதும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. பத்திரத்தில் எழுதியிருந்த பங்கு வேறு, கைக்கு வந்த காசோலை வேறு.

கிணறு எப்படித் தோண்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பிரச்சினை பிறந்த இடம் அது. துளை நேர்கீழாக ஓர் ஒன்றே கால் மைலைப்போல இறங்கி, மார்செல்லஸ் அடுக்கைத் தொடும்போது மெதுவாக வளைந்து, படுக்கைவாட்டில் ஒரு மைல் அல்லது அதற்கு மேலும் போகும். மேலே ஒரே தளத்திலிருந்து பல கிணறுகள் வெவ்வேறு திசையில் ஓடும். துளைக்குள் எஃகு கேசிங் பைப் இறங்கும். நம் ஊர் போர்வெல்காரர்கள் சொல்லும் அதே கேசிங்தான், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்கு. கேசிங்குக்கும் பாறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சிமென்ட் கரைசலைக் கீழேயிருந்து மேல்நோக்கி ஏற்றி இறுக விடுவார்கள். பிறகு படுக்கைக் குழாயில் வெடி வைத்து ஓட்டை போட்டு, ஒரு கிணற்றுக்கு ஏறக்குறைய 50 லட்சம் கேலன் தண்ணீரை, அதாவது இரண்டு கோடி லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, மணலோடும் சில வேதிப்பொருள்களோடும் செலுத்துவார்கள். பாறை விரியும். தண்ணீரில் ஒரு பகுதி திரும்பும். மணல் விரிசலுக்குள் தங்கி அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்து ரிக் போன பிறகு தளத்தில் மிஞ்சுவது வால்வுகள் அடுக்கிய ஓர் இரும்புத் தலை, அதைத் தொழிலில் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். பக்கத்தில் சில தொட்டிகள், வாயுவின் ஈரத்தை வாங்கிக்கொள்கிற கிளைக்கால் என்ற திரவம் நிரப்பிய கருவி.

மேலேயுள்ள குடிநீர் அடுக்குக்கும் கீழேயுள்ள மார்செல்லஸுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான அடி பாறை இருப்பதால் விரிசல் தண்ணீரைத் தொடாது என்பது நிறுவனங்களின் வாதம். அது பெரும்பாலும் சரி. ஆனால் வாயு மேலே வருவதற்கு விரிசல் தேவையில்லை. சிமென்ட் சரியாகப் பிடிக்காமல் ஒரு நூலிழை இடைவெளி இருந்தால், நடுவில் உள்ள ஏதோ ஓர் ஆழம் குறைந்த அடுக்கின் வாயுகூட அந்த வழியாக ஏறி குடிநீர்க் கிணற்றுக்குள் போய்விடும். டிமாக்கில் பொதுக் குடிநீர்க் குழாய் இல்லை, வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு. 2009ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் ஒரு வீட்டின் கிணற்றை மூடியிருந்த கான்கிரீட் பலகை வெடித்துச் சிதறியது. தண்ணீரில் வந்த மீத்தேன் உள்ளே தேங்கியிருந்திருக்கிறது. வாசனை இருந்தால்தானே தெரியும்.

மாநிலச் சுற்றுச்சூழல் துறை விசாரித்து, கேபட்டின் கிணறுகளே காரணம் என்றது. 2010 ஏப்ரலில் அபராதம் போட்டு, சில கிணறுகளை அடைக்கச் சொல்லி, டிமாக்கைச் சுற்றி ஒன்பது சதுர மைலில் புதிதாகத் துளையிடத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜோஷ் ஃபாக்ஸின் கேஸ்லேண்ட் ஆவணப்படம் வந்து, டிமாக் உலகத்துக்குத் தெரிந்த பெயராகிவிட்டது. கேபட் ஒருபோதும் குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் வாயு முன்னாலேயே உண்டு என்றது. அந்த வாதத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மான்ட்ரோஸ் ஊரருகே சால்ட் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் ஊற்றுநீரில் மீத்தேன் குமிழிடுவது துளையிடும் காலத்துக்கு முந்தைய சங்கதி. ஆனால் 2011இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள குடிநீரில் மீத்தேன் கணிசமாக அதிகம் என்று கண்டார்கள். வாயு முன்னாலேயே இருந்தது, துளையிட்ட பிறகு கூடியது, இரண்டும் உண்மையாக இருக்க என்ன தடை?

மான்ட்ரோஸிலிருந்து டிமாக்குக்குச் சுமார் 1.2 கோடி டாலரில் குடிநீர்க் குழாய் போட்டு அந்தச் செலவை கேபட்டிடம் வசூலிப்போம் என்று 2010 இலையுதிர்காலத்தில் மாநில அரசு அறிவித்தது. நிறுவனம் எதிர்த்தது. ஊர்க்காரர்களிலும் ஒரு சாரார் எதிர்த்தார்கள். ராயல்டி வருகிற வீடு, வராத வீடு, தண்ணீர் கெட்ட வீடு, கெடாத வீடு என்று ஊர் பிளந்திருந்தது. டிசம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, 19 குடும்பங்களுக்கு மொத்தம் 41 லட்சம் டாலர் என்று பேசி முடித்தார்கள். சுத்திகரிக்கும் கருவிகளும் தரப்பட்டன. நான் வாசித்தவரை, இந்தக் கதையில் மிகச் சின்ன மனது தெரிந்த இடம் இதுதான். ஒரு மாநிலத்தின் வாயுவையே கடல் வரை அனுப்பக் குழாய் போடத் தெரிந்தவர்களால் சில மைல் தண்ணீர்க் குழாய்க்குச் சம்மதிக்க முடியவில்லை.

தடை ஒன்பது சதுர மைலுக்குத்தான். மாவட்டத்தின் மற்ற இடங்களில் வேலை நிற்கவேயில்லை. ஷேல் கிணற்றின் இயல்பு அப்படி, நின்றால் கணக்கு விழும். முதல் ஆண்டு பீறிட்டு வருகிற வாயு அடுத்தடுத்த ஆண்டுகளில் மளமளவென்று குறையும். உற்பத்தியை அதே அளவில் வைத்திருக்கவே புதுக் கிணறு வேண்டும், கூட்ட வேண்டுமானால் இன்னும் வேண்டும். கேபட் கூட்டியது. 2018இல் டெக்சாஸ் சொத்தை விற்றுவிட்டு முழுக்க மார்செல்லஸ் நிறுவனமாகியது. 2019இல் அதன் உற்பத்தி 86,500 கோடி கன அடி. அதாவது சுமார் 2,450 கோடி கன மீட்டர். 2019-20 நிதியாண்டில் இந்தியா முழுவதும், ஓஎன்ஜிசி முதல் அனைவரும் சேர்ந்து எடுத்த வாயு சுமார் 3,100 கோடி கன மீட்டர். நம் நாட்டு உற்பத்தியில் முக்கால் பங்கு அளவை ஒரு நிறுவனம் ஒரு மாவட்டத்தில் எடுத்திருக்கிறது. அந்த எண்ணை முதலில் பார்க்கும்போது தசமப் புள்ளி எங்கோ தவறியிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

இவ்வளவு வாயுவையும் மாவட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோவதுதான் பெரும்பாடு. எல்லோரும் ஒரே சமயத்தில் தோண்டியதால் வடகிழக்குப் பென்சில்வேனியாவில் வாயு வழிந்தது, இருந்த குழாய்கள் நிரம்பின. 2015, 2016இல் அங்கே ஆயிரம் கன அடி ஒரு டாலருக்கும் கீழே விலைபோன நாட்கள் உண்டு. நூறு, நூற்றைம்பது மைல் தள்ளி நியூயார்க் நகரத்தில் குளிர்காலத்தில் அதே வாயுவுக்குப் பல மடங்கு விலை. காட்ஃப்ரே கேபட் கரி எடுத்த காலத்துச் சங்கடமே கோட் சூட் போட்டு வந்து நின்றது.

வடக்கே போகக் கான்ஸ்டிடியூஷன் என்ற பெயரில் 124 மைல் குழாய்த் திட்டம் போட்டார்கள். கேபட்டும் அதில் பங்குதாரர். மத்திய அனுமதி 2014 டிசம்பரில் கிடைத்தது. அதே மாதம் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் அரசு ஃபிராக்கிங்குக்குத் தடை அறிவித்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாறை ஒன்றுதான், ஆனால் இங்கே கிணற்று வரிசை, அங்கே ஒன்றுமில்லை. 2016 மார்ச்சில் சஸ்குவஹானா மாவட்டத்தில், சம்மதிக்காத ஒரு குடும்பத்தின் நிலத்துக்குள் குழாய்க்கு இடம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். கூடவே துப்பாக்கியோடு மத்திய மார்ஷல்கள். சர்க்கரைப் பாகு எடுக்க வளர்த்திருந்த நூற்றுக்கணக்கான மேப்பிள் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. அடுத்த மாதமே நியூயார்க் மாநிலம் நீர்நிலை அனுமதி மறுத்தது. 2020 பிப்ரவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள். மரம் போனதுதான் மிச்சம்.

தெற்கு வழி திறந்தது. டெக்சாஸின் வளைகுடாக் கரையிலிருந்து நியூயார்க் வரை 1950களின் தொடக்கத்தில் போடப்பட்ட டிரான்ஸ்கோ குழாய், அமெரிக்காவின் மிகப் பெரிய வாயுப் பாதைகளில் ஒன்று. அறுபது ஆண்டுக்கும் மேலாக அதில் வாயு தெற்கேயிருந்து வடக்கே ஓடியது. டிரான்ஸ்கோவின் உரிமையாளரான வில்லியம்ஸ் நிறுவனம், சஸ்குவஹானாவிலிருந்து லங்காஸ்டர் மாவட்டம் வழியே புதுக் குழாய் இறக்கி டிரான்ஸ்கோவில் சேர்த்து, கம்ப்ரசர் நிலையங்களை மாற்றி, ஓட்டத்தைத் திருப்பியது. அட்லான்டிக் சன்ரைஸ் என்ற அந்தத் திட்டம் நாளொன்றுக்கு 170 கோடி கன அடி கொண்டுபோகக் கூடியது. வழியில் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றின் சோள வயல் இருந்தது. பூமியைக் காப்பது எங்கள் சமயக் கடமை என்று சொன்ன கன்னியர்கள், 2017இல் குழாய் வரும் தடத்திலேயே பலகைகளால் திறந்தவெளிப் பிரார்த்தனைக் கூடம் கட்டினார்கள். வழக்கில் தோற்றார்கள். 2018 அக்டோபரில் அந்த வயலுக்கடியில் வாயு ஓட ஆரம்பித்தது. மிசிசிப்பி, லூசியானா பக்கத்து வாயுவை எரித்துக்கொண்டிருந்த தென் மாநிலங்களுக்கு இப்போது பென்சில்வேனியா வாயு.

ஒரு கிளை கடலுக்குப் போகிறது. மேரிலாந்தின் செசபீக் விரிகுடாக் கரையில் கோவ் பாயின்ட் என்ற முனையம். அல்ஜீரியாவிலிருந்து வாயு இறக்குமதி செய்வதற்காக 1978இல் திறந்து, இரண்டே வருடத்தில் கப்பல் வரத்து நின்று, தூங்கி, 2003இல் மறுபடி எழுந்த இடம். ஷேல் வாயு வந்ததும் இறக்குமதிக்கு வேலையில்லை. சுமார் 400 கோடி டாலர் செலவழித்து அதையே ஏற்றுமதி முனையமாக மாற்றினார்கள். 2018 ஏப்ரலில் வணிகச் செயல்பாடு தொடங்கியது. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, அறுநூறில் ஒரு பங்கு இடத்தில் அடங்கும். இங்கே நடப்பது நம் ஊர் ரைஸ்மில்லின் கூலி அரவைதான். வாடிக்கையாளர் தன் வாயுவைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், முனையம் திரவமாக்கித் தந்து கூலி வாங்கிக்கொள்ளும். வாடிக்கையாளர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜப்பானின் சுமிட்டோமோவும் டோக்கியோ கேஸும் சேர்ந்த நிறுவனம். இன்னொருவர் நம் நாட்டு எரிவாயு நிறுவனமான கெயில்.

2013இல் கெயில் இருபது ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது, ஆண்டுக்கு 23 லட்சம் டன். கேபட் நேரடியாக வாயு விற்கக் கையெழுத்திட்டது சுமிட்டோமோ பக்கத்துடன்தான், கெயிலுடன் அல்ல. ஆனால் குழாய்க்குள் நுழைந்த வாயு யாருடையது என்று பார்த்துப் போவதில்லை, கலந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் மட்டுமே அது தனித்தனி. கப்பலில் ஏறிய பிறகும் அப்படித்தான். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறதை வீணாக்காமல் கப்பலின் எரிபொருளாக்கிக்கொள்வார்கள், ஆக ஏற்றியது முழுதும் கரை சேருவதுமில்லை. போதாததற்குக் கெயில், அமெரிக்கக் கரையில் தன் பங்கை இன்னொரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, இந்தியாவுக்குப் பக்கத்தில் அவரிடமிருந்து வேறொரு சரக்கை வாங்கிக்கொள்ளும் மாற்று ஏற்பாடுகளும் செய்திருக்கிறது. கப்பல் கூலி மிச்சம். அதனால் இந்தியா வாங்கிய அமெரிக்க வாயு ஐரோப்பாவில் ஏதோ ஓர் அடுப்பில் எரிந்திருக்கலாம், இங்கே எரிந்தது வேறு நாட்டுடையதாக இருக்கலாம்.

டிமாக்கில் மிச்சமிருந்த கணக்குக்கு வருவோம். மத்தியச் சுற்றுச்சூழல் முகமை 2012இல் வந்து தண்ணீரைச் சோதித்து, மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்று போனது. 2016இல் நடுவர் குழு இரண்டு குடும்பங்களுக்கு 42 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது, மறு ஆண்டு நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார், பிறகு வெளியே சமரசம். 2020 ஜூனில் மாநில அட்டர்னி ஜெனரல் ஜோஷ் ஷப்பைரோ கேபட் மீது குற்றவழக்கே போட்டார். 2021இல் கேபட், சிமரெக்ஸ் என்ற நிறுவனத்தோடு இணைந்து கோடெரா எனர்ஜி என்று பெயர் மாறியது. 2022 நவம்பர் 29 அன்று, ஷப்பைரோ ஆளுநர் தேர்தலில் ஜெயித்து மூன்று வாரம் ஆனபோது, கோடெரா குற்றத்தை மறுத்து வாதாடவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. டிமாக்குக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் போட 1.629 கோடி டாலர் தரவும், பாதிக்கப்பட்ட வீடுகளின் தண்ணீர்க் கட்டணத்தை 75 ஆண்டுகளுக்குக் கட்டவும் ஒப்புக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் வேண்டாமென்ற அதே குழாய்.

கோடெரா நீதிமன்றத்தில் அப்படிச் சொன்ன அதே நாளில் சுற்றுச்சூழல் துறை ஒன்பது சதுர மைல் தடையைத் தளர்த்தியது. அந்தப் பரப்புக்குள் கிணற்றுத் தளம் அமைக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே நின்றுகொண்டு, படுக்கைவாட்டில் துளையிட்டு, டிமாக்கின் வீடுகளுக்கடியில் உள்ள மார்செல்லஸ் வரை போய் வாயு எடுத்துக்கொள்ளலாம்.